ஓடுற பெல்ட்டை எதுக்கு மாத்தணும்?

பி.காம். படிக்கிறவங்களுக்கு ஆபரேஷன்ஸ் ரிசர்ச்னு ஒரு பேப்பர் வரும். அதுல ரீப்ளேஸ்மென்ட் தியரின்னு ஒரு சின்ன பாடம். பொருள்ல ரெண்டு வகையாம். ஒண்ணு, கொஞ்சம் கொஞ்சமா தேயும். வருஷா வருஷம் செலவு ஏறும். பழைய மெஷின் மாதிரி. இன்னொண்ணு, கடைசி நிமிஷம் வரைக்கும் நல்லா இருந்துட்டு பட்டுன்னு போயிடும். தெருவிளக்கு பல்பு மாதிரி. காரோட டைமிங் பெல்ட் இந்த ரெண்டாவது ஜாதி.

எங்க வீட்டுல இப்போ இதுதான் பஞ்சாயத்து. வண்டி 2012 மாடல் சான்ட்ரோ, அப்பா செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது. பிரம்மதேசத்துல இருந்து திண்டிவனம், மரக்காணம், மாசம் ஒரு தடவை ஆயாவை செக்கப்புக்குக் கூட்டிட்டு பாண்டிச்சேரி ஜிப்மர். அவ்வளவுதான் ஓட்டம். மீட்டர்ல 47,000 கிலோமீட்டர். "சத்தமில்லாம ஓடுது, கிலோமீட்டரும் ஆகலை, எதுக்கு தண்டச் செலவு?" இது அப்பா கட்சி.

அந்த பெல்ட் என்ன பண்ணுதுன்னு பார்ப்போம். பல் வெச்ச ரப்பர் பெல்ட் அது. கீழே பிஸ்டனை ஏத்தி இறக்குற கிராங்க்கையும், மேலே வால்வைத் திறந்து மூடுற கேமையும் சேர்த்துக் கட்டுது. கிராங்க் ரெண்டு சுத்து சுத்தினா கேம் ஒரு சுத்து. இந்தக் கணக்கு தப்பக் கூடாது. ஓடும்போது பெல்ட் அறுந்தா கேம் நின்னுடும், திறந்த வால்வு திறந்தபடியே நிக்கும். பல எஞ்சின்கள்ல பிஸ்டன் மேலே வந்து அதுல இடிக்கும். வால்வு வளைஞ்சா ஹெட்டைக் கழட்டாம வேலை ஆகாது. பெல்ட் மாத்துற செலவை விட அது பல மடங்கு.

எங்க பக்கம் உப்புக்காத்துல கதவோரம் துருப்பிடிச்சா கண்ணுக்குத் தெரியும். உடனே பட்டி பார்த்து பெயின்ட் அடிப்போம். பெல்ட் மூடிக்குள்ளே இருக்கு. திறந்து பார்த்து விரிசல் இல்லைன்னாலும் நல்லா இருக்குன்னு அடிச்சு சொல்ல முடியாது. ரப்பருக்கு ஓட்டம் மட்டும் இல்லை, சூடும் வயசும் சேர்ந்துதான் கணக்கு. அதனாலதான் பல மேனுவல்கள்ல கிலோமீட்டர், வருஷம் ரெண்டையும் போட்டு, எது முன்னாடி வருதோ அப்போ மாத்தச் சொல்றாங்க. கிராமத்துல கம்மியா ஓடுற வண்டிக்கு வருஷம்தான் முதல்ல வரும்.

பழைய ஓனர் மாத்தியிருக்கலாமேன்னு கேக்கலாம். பில் எங்கே? வவுச்சர் இல்லாத செலவைக் கணக்குல ஏத்த மாட்டோம். அதே மாதிரி பில் இல்லாத பெல்ட், மாத்தாத பெல்ட்தான்.

உங்க வண்டிக்கு முதல்ல பெல்ட்டா செயினான்னு பாருங்க. மாருதி 800, பழைய சான்ட்ரோ எல்லாம் பெல்ட். மாருதி கே சீரிஸ் எஞ்சின்ல செயின். பெல்ட்டுன்னா டென்ஷனரையும் சேர்த்தே மாத்திடுங்க. வாட்டர் பம்பும் அதே பெல்ட்ல சுத்துற வண்டின்னா அதையும் பார்க்கச் சொல்லுங்க. பிரிச்சு மாட்டுற கூலி ஒரு தடவையோட போகும்.

இதுக்கு மேல ஒரு செலவு இருக்கு, அதை எந்தப் பேரேட்டுலயும் எழுத முடியாது. ராத்திரி ஈ.சி.ஆர்.ல, ஆயா பின்சீட்ல இருக்கும்போது வண்டி நின்னா?

இதைச் சொன்னதும் அப்பா கொஞ்ச நேரம் பேசலை. அடுத்த செக்கப்புக்கு முன்னாடி மாத்திடலாம்னுட்டார்.