மோதிரத்தைக் கழற்றிவிட்டு ஸ்பானரை எடுங்கள்



பேட்டரியில் கை வைக்குமுன் மோதிரத்தைக் கழற்றுங்கள். "12 வோல்ட்தானே சார், ஷாக் அடிக்காதே" என்பீர்கள். அடிக்காதுதான். ஆனால் ஸ்பானர் பாசிட்டிவ் முனையில் இருக்கும்போது மோதிரம் அதிலும் கார் பாடியிலும் ஒருசேரப் பட்டால், அதன் வழியே நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். வகுப்பில் நடத்திய ஜூல் விதிதான்: மின்னோட்டம் இருமடங்கானால் வெப்பம் நான்கு மடங்கு. தங்கம் நொடியில் பழுக்கக் காய்ந்துவிடும்.

போன மாதம் என் தம்பி மகனுக்கு இதுதான் நடந்தது. 1948-இல் நேரு அடிக்கல் நாட்டிய சிக்ரி இருக்கிற காரைக்குடியில், பேட்டரி ஆராய்ச்சி நடக்கிற ஊரில், நம் வீட்டுப் பிள்ளைக்கு இப்படி! அப்பத்தா பற்பசையோடு ஓடிவந்தார்கள். அவன் மனைவி தடுத்து, குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் விரலைப் பிடிக்க வைத்து, வீங்குமுன் மோதிரத்தைக் கழற்றி, டாக்டரிடம் கூட்டிப்போனாள். கெட்டிக்காரி. விரலைச் சுற்றி வெந்தால் ரத்த ஓட்டமே தடைபடலாம், விரலே போய்விடும்.

கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ். ஷெட் சுவரில் ஓர் ஆணி அடித்து வையுங்கள், மோதிரமும் வாட்ச்சும் மாட்ட.