ஒரே பெயரில் இரண்டு கப்பல்

'மீட்டிங் ஆஃப் மைண்ட்ஸ்' என்று ஆங்கிலத்தில் ஒரு பிரயோகம். 'மனங்களின் சந்திப்பு' என்று தமிழ்ப்படுத்தினால் ஏதோ தியான வகுப்பு மாதிரி இருக்கும். சங்கதி அதுவல்ல. இரண்டு பேர் ஒரே விஷயத்தை ஒரே அர்த்தத்தில் புரிந்துகொண்டு 'சரி' சொல்வது.

பி.காம். படித்தவர்களுக்கு இது மனப்பாடம். 1872-ம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டம், 13-வது பிரிவு. கூடவே ஒரு கப்பல் கதையும் சொல்லித் தருவார்கள். பம்பாயிலிருந்து 'பியர்லெஸ்' கப்பலில் வரும் பருத்திக்கு இங்கிலாந்தில் பேரம் முடிந்தது. வேடிக்கை என்னவென்றால், அதே பெயரில் இரண்டு கப்பல்கள்! ஒன்று அக்டோபரில் கிளம்பியது, இன்னொன்று டிசம்பரில். வாங்குகிறவர் மனசில் அது, விற்கிறவர் மனசில் இது. வழக்கு கோர்ட்டுக்குப் போய், 1864-ல் வாங்குகிறவர் பக்கம் தீர்ப்பானது.

நம் மாட்டுச் சந்தைத் தரகர்கள் இதில் கெட்டிக்காரர்கள். துண்டை மூடி, விரலைப் பிடித்தே விலை பேசிவிடுவார்கள். எந்த விரலுக்கு என்ன கணக்கு என்று இரண்டு பேருக்கும் தெரியும். குழப்பமே கிடையாது.

அரியலூர் பக்கம் குழப்பம் மண்ணுக்கு அடியில் இருக்கிறது. ஒரு பக்கம் சுண்ணாம்புக்கல், ஜெயங்கொண்டம் பக்கம் பழுப்பு நிலக்கரி. 1990-களில் நிலக்கரி மின் திட்டத்துக்காக ஆயிரக்கணக்கான ஏக்கரை அரசு கையகப்படுத்தியது. அப்போதிருந்த 1894-ம் வருடச் சட்டத்தில் 'உங்களுக்குச் சம்மதமா?' என்ற கேள்வியே இல்லை. ஆட்சேபம் சொல்லலாம், அதிக இழப்பீடு கேட்டு கோர்ட்டுக்குப் போகலாம். அவ்வளவுதான். போனார்கள்.

வெளியே இருந்து பார்த்தால் விலைத் தகராறு. உள்ளே அதே இரண்டு கப்பல் கதை. 'ஏக்கர்' என்றால் ஃபைலில் அது சந்தை மதிப்பு. முந்திரித் தோப்பு வைத்திருப்பவருக்கு அது மகள் கல்யாணம், அவசரத்துக்கு அடகு வைக்கிற தைரியம். எந்த ரேட்டில் கணக்குப் போடுவது?

2013-ல் வந்த புதுச் சட்டம் சம்மதத்தை உள்ளே கொண்டுவந்தது. தனியாருக்கு எடுத்தால் 80 சதவிகிதம் பேர், அரசும் தனியாரும் சேர்ந்த திட்டம் என்றால் 70 சதவிகிதம் பேர் ஒப்புக்கொள்ள வேண்டும். அரசே தனக்காக எடுத்தால்? கேட்க வேண்டியதில்லை!

ஜெயங்கொண்டத்தில் மின் நிலையம் வரவே இல்லை. இருபது வருஷத்துக்கு மேல் இழுத்துவிட்டு, நிலத்தைத் திருப்பித் தர அரசு முடிவு செய்தது. நோட்டீஸ் வாங்கியபோது நாற்பது வயதில் இருந்தவருக்கு அப்போது அறுபதைத் தாண்டியிருக்கும்.