மூலமும் உரையும்

கதை எழுதிச் சாப்பிட முடியாது என்பதை உலகம் எனக்குச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் உணர்த்திய நாட்களில், கம்ப்யூட்டர் புரோகிராம்களுக்குக் கையேடு எழுதும் உத்தியோகம் பார்த்தேன். புரோகிராம் மூலம், கையேடு அதற்கு உரை. நச்சினார்க்கினியருக்கு ஒரு பாக்கியம் உண்டு. அவர் உரை எழுதி முடித்த பிறகு, தொல்காப்பியர் எழுந்து வந்து சூத்திரங்களைத் திருத்தவில்லை! என்னுடைய தொல்காப்பியர்களோ வாரத்துக்கொரு முறை திருத்தினார்கள். என்னிடம் சொல்லவும் மாட்டார்கள். மூன்று மாதம் கழித்து யாரோ ஒருவர் கையேட்டை நம்பிப் புரோகிராமை ஓட்டுவார். அது வேறு எதையோ செய்யும். வசவு மட்டும் தவறாமல் எனக்கு வந்து சேரும்.

ஆகவே, மூலத்திலிருந்தே உரையை எடுத்துத் தொகுத்துத் தரும் கருவிகளைப் பற்றி அறிந்தபோது, எனக்கு ஏககாலத்தில் சந்தோஷமும் கிலியும் உண்டாயின. வசவு நிற்கும் என்பது சந்தோஷம். சம்பளமும் நின்றுவிடுமோ என்பது கிலி.

புரோலாக் என்ற பாஷையை எடுத்துக்கொள்வோம். 1972-இல் பிரான்ஸ் தேசத்து மார்செய் நகரில் அலென் கோல்மெராவரும் ஃபிலிப் ரூசலும் உருவாக்கியது. மற்றப் பாஷைகள் பலவற்றில், ‘இதைச் செய், அப்புறம் அதைச் செய்’ என்று உத்தரவு போடுகிறோம். இதிலோ, தெரிந்த உண்மைகளையும் விதிகளையும் சொல்லி வைத்துவிட்டுக் கேள்வி கேட்கிறோம். லவனுக்கும் குசனுக்கும் தகப்பன் ராமன். ராமனுக்குத் தகப்பன் தசரதன். தகப்பனுக்குத் தகப்பன் தாத்தா. இவ்வளவுதான் புரோகிராம். ‘லவனுக்குத் தாத்தா யார்?’ என்று கேட்டால் ஒரே விடை, தசரதன். அதே விதியைத் திருப்பி, ‘தசரதன் யாருக்குத் தாத்தா?’ என்று கேட்டால் இரண்டு விடைகள்.

உரைக்கு அவசியம் ஏற்படுவது இங்கேதான். எதைக் கொடுத்து எதைக் கேட்கலாம், விடை ஒன்றா பலவா என்பதெல்லாம் விதியைப் பார்த்தவுடனே புலப்படுவதில்லை. ஆம்ஸ்டர்டாமில் யான் வீலமேக்கரும் ஆன்யோ ஆன்யவீர்டனும் சேர்ந்து 2007-இல் விவரித்த பிஎல்டாக் இதற்கு ஒரு வழி செய்தது. விதிக்கு அருகிலேயே குறிப்பு எழுத வேண்டும். நாம் கொடுக்க வேண்டியதற்குக் கூட்டல் குறி. நமக்குக் கிடைப்பதற்குக் கழித்தல் குறி. இரண்டுக்கும் இடமுண்டு என்றால் கேள்விக் குறி. விடை எத்தனை வரும் என்பதற்கும் ஒரு சொல் உண்டு. இவற்றையெல்லாம் சேகரித்துப் படிக்கத் தகுந்த பக்கங்களாகக் கருவியே அடுக்கித் தந்துவிடும். மூலமும் உரையும் ஒரே ஏட்டில் இருப்பதால், ஒன்றைத் திருத்துகிறவன் கண்ணில் மற்றதும் படாமல் போகாது.

கண்ணில் பட்டும் திருத்தாவிட்டால்? அதற்கும் மருந்து உண்டு. மாட்ரிட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்து மானுவேல் எர்மெனெகில்டோ, அதற்கு ஏழு வருஷம் முன்பே, 2000-இல், எல்பிடாக் என்ற கருவியை விவரித்திருந்தார். அங்கே குறிப்பு வெறும் குறிப்பு அல்ல, வாக்குறுதி. ‘பட்டியலைக் கொடுத்தால் பட்டியலே கிடைக்கும்’ என்பது போன்ற வாக்குறுதியைப் புரோகிராமுக்குள்ளேயே எழுதி வைக்கிறார்கள். எல்பிடாக் அதைக் கையேட்டில் சேர்க்கிறது. சியாவோ என்ற அதே அமைப்பைச் சேர்ந்த இன்னொரு கருவி, அதே வாக்குறுதியை மூலத்தோடு ஒப்பிட்டுப் பரீட்சை செய்கிறது. பொய் என்று நிரூபணமானால், புரோகிராம் ஓடுவதற்கு முன்பே காட்டிக் கொடுத்துவிடும். முன்கூட்டித் தீர்மானிக்க முடியாததை ஓடும்போது சோதிக்கும்படி செய்யலாம். இப்படி ஒரு காவலாளி அந்த நாளில் எனக்கு வாய்த்திருந்தால், எத்தனையோ இரவுகள் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

இனிக் கிலியின் கதை. நம்முடைய தாத்தா விதியை மறுபடியும் பாருங்கள். கருவி அதற்கு அப்பழுக்கில்லாத உரை தொகுத்துத் தரும். வாக்குறுதி சரிதான் என்று சான்றும் கொடுக்கும். ஆனால், சீதையை வளர்த்த ஜனகர் லவனுக்குத் தாத்தா இல்லையா? தாய்வழித் தாத்தாவை விதி விட்டுவிட்டதே! அது மறதியா, அல்லது தகப்பன்வழிச் சொத்தைப் பங்கிடுவதற்காக எழுதிய விதியா? விதி என்ன சொல்கிறது என்பதை இந்தக் கருவிகள் சொல்லும். எதற்காகச் சொல்கிறது என்பதை, எழுதியவனே குறித்து வைத்தால்தான் உண்டு. அவன் குறித்து வைக்காவிட்டால், அவனைத் தேடிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, “ஐயா, ஜனகர் எங்கே?” என்று கேட்க ஒரு மனிதன் வேண்டும். உரையாசிரியனுக்கு முதல் வேலையே அதுதான்.