சக்கரத்தின் நேர்மை

சேலத்திலிருந்து நாமக்கல்லுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், ஊரை நெருங்க நெருங்கச் சம்மட்டி ஒலி காதில் விழும். லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறைகள் அங்கே மலிந்துள்ளன. ஓசூர் முதலிய இடங்களிலிருந்து எஞ்சினும் அடிச்சட்டமும் சக்கரமுமாக வரும் வண்டிகள், இங்கே மரமும் இரும்பும் இயைந்த உடல் பெற்று, வண்ணம் தீட்டப்பெற்று, வடநாடு நோக்கிப் புறப்படுகின்றன. அவ்வுடலின் அழகை வியப்போர் பலர். வண்டியின் கீழே, முன் அச்சின் அருகில் குந்தியிருந்து சக்கரங்களை நேர்செய்யும் தொழிலாளியைக் காண்போர் சிலர். ‘அலைன்மென்ட் பார்த்தல்’ எனப் பட்டறையார் கூறும் அவ்வேலையைப் பற்றியதே இப்பாடம்.

மாட்டு வண்டிக்கு இவ்வேலை தேவைப்படுவதில்லை. இரு சக்கரங்களும் ஒரே அச்சில் நிற்க, மாடுகள் திரும்பும் பக்கம் வண்டி முழுவதும் திரும்பும். அச்சு முறிதலே அதற்குப் பெரிய இடர். தகடூர் அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பாடவந்த ஔவையார், உப்பு வணிகர் வழியில் நேரும் இடரை எண்ணித் தம் வண்டியின் அடியில் கட்டிச் செல்லும் சேம அச்சுக்கு அவனை ஒப்பிட்டார். புறநானூற்றின் 102ஆம் பாட்டில் இதனைக் காணலாம். தகடூர் என்பது இன்றைய தருமபுரி. சேமச் சக்கரத்தைச் சுமந்துகொண்டு லாரிகள் வடக்கே செல்லும் வழியும் அதுவேயாகும்.

கோயில் தேரின் நிலை வேறு. திருச்செங்கோட்டில் வைகாசித் திங்களில் தேர் ஓடுங்கால், வீதி முனையில் அதனைத் திருப்புதல் பெரும்பாடு. அச்சுகள் திரும்பா, ஆதலின் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை இட்டு, உரசச் செய்து, சிறிது சிறிதாகத் திருப்புவர். முன்சக்கரங்கள் மட்டும் தத்தம் முளையில் தனித்தனியே திரும்பும் முறையைக் கண்டவர் ஜெர்மனியின் மியூனிக் நகரத்து வண்டித் தொழிலாளர் லாங்கென்ஸ்பெர்கர் ஆவார். 1818இல் இலண்டனில் அதற்குக் காப்புரிமை பெற்றவர் ஆக்கர்மன். கண்டவர் ஒருவர், பெயர் நின்றதோ மற்றொருவருக்கு! வளைவில் உட்பக்கச் சக்கரம் சிறு வட்டத்திலும் வெளிப்பக்கச் சக்கரம் பெருவட்டத்திலும் செல்லவேண்டும் அன்றோ? இன்றைய லாரி அவ்வாறே திரும்புகிறது. ஆயின், தனித்தனியே திரும்பும் உரிமை பெற்ற சக்கரங்கள் தனித்தனியே கோணவும் கூடும்.

முன்சக்கரங்கள் இரண்டும் ஒன்றற்கொன்று முற்றும் இணையாக நின்றால் வண்டி நேரே ஓடும் என்று எண்ணுதல் இயல்பு. உண்மை அவ்வாறன்று. லாரியைத் தள்ளுபவை பின்சக்கரங்கள். முன்சக்கரங்களையோ சாலை பின்னோக்கித் தடுக்கிறது. மூட்டுகளில் உள்ள சிறு நெகிழ்ச்சியால் அவற்றின் முன்விளிம்புகள் வெளிப்புறம் விரிய முற்படும். ஆகவே வண்டி நிற்கும்பொழுதே அவை உட்புறம் சற்றுக் குவிந்து நிற்குமாறு வைப்பர். இக்குவிவு பெரும்பாலும் இரண்டு மூன்று மில்லிமீட்டரே. நிற்கையில் கோணலாக இருப்பது ஓடுகையில் நேராகிவிடுகிறது.

இவ்வளவு சிறிய அளவிற்கு இத்துணைக் கவலை ஏன் என்று வினவலாம். ஏறத்தாழ ஒரு மீட்டர் குறுக்களவுள்ள டயரின் முன்விளிம்பு, பின்விளிம்பை நோக்க, இருக்கவேண்டிய நிலையினின்றும் மூன்று மில்லிமீட்டர் விலகியுள்ளது என்று கொள்வோம். ஒரு கிலோமீட்டர் செல்வதற்குள் அந்த டயர் மூன்று மீட்டர் தொலைவு பக்கவாட்டில் உரசி இழுக்கப்படும். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள டில்லிக்குச் சென்றால் அவ்வுரசல் ஆறு கிலோமீட்டரைக் கடக்கும். கடன் பெற்று லாரி வாங்கியவரின் வருவாய் இவ்வாறு சாலையில் கரும்பொடியாய் உதிர்கிறது. பொருள் இழப்பேனும் பொறுக்கத்தக்கது. தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் தொப்பூர்க் கணவாயில், பாரம் ஏற்றிய வண்டிகள் நிலைதவறி உயிர்கள் பல மாண்டுள்ளன. அங்கே பிரேக்கை மிதிக்குங்கால் ஒருபக்கம் இழுக்கும் வண்டி, ஓட்டுநருக்கு மட்டுமன்றி முன்னே செல்வோருக்கும் கூற்றாகும்.

இனி, இத்தகைய பட்டறை ஒன்றனுள் நிகழ்வதைக் காண்க.

“ஐயா, வண்டி இடப்பக்கமே இழுக்கிறது. தொப்பூர் இறக்கத்தில் ஸ்டீயரிங்கைப் பிடித்துப் பிடித்துத் தோள் வலி எடுத்துவிட்டது” என்கிறார் இளம் ஓட்டுநர்.

“இருங்கள் தம்பி, பார்ப்போம்” என்று கூறும் முதிய மேஸ்திரி உடனே திருகியைக் கையில் எடுப்பதில்லை. சாலையின் நடு உயர்ந்து ஓரம் தாழ்ந்திருப்பதால் வண்டி சிறிதே இடப்பக்கம் ஒதுங்குதல் இயற்கை என்பதை அவர் அறிவார். முதலில் இரு டயர்களின் காற்றையும் அளக்கிறார். பின்பு உள்ளங்கையால் டயரின் முகத்தைக் குறுக்கே தடவுகிறார். ஒருபுறமாகத் தடவினால் வழவழப்பு; மறுபுறமாகத் தடவினால் நகம்போற் குத்துகிறது. குவிவு தவறியதற்கு அதுவே சான்று. ஒரு விளிம்பு மட்டும் தேய்ந்திருப்பின் சக்கரத்தின் தலை சாய்ந்திருத்தலும் கூடும். ஜாக்கியால் அச்சைத் தூக்கிச் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைக்க, அது ஆடுகிறது. கிங்பின் தேய்ந்துள்ளது. இதனைப் புதுப்பிக்காமல் டைராடை மட்டும் திருகிக் கூலி பெறுவாரும் உளர். அது நோயை மறைக்குமேயன்றித் தீர்க்காது.

புதிய கிங்பின் பொருத்தியபின் அளவு தொடங்குகிறது. டயரின் நடுவில் சுண்ணக்கட்டி பூசி, சக்கரத்தைச் சுழற்றி, அசையாது பிடித்த ஆணியால் ஒரு கோடு கீறுகிறார். வண்டியை இறக்கிச் சிறிது தூரம் உருட்டி நிறுத்துகிறார். அச்சின் உயரத்தில், முன்புறம் இரு கோடுகளுக்கும் இடையிலுள்ள தொலைவை அளவுகோலால் எடுக்கிறார். சக்கரம் அரைச்சுற்று உருண்டபின் அதே குறிகளைப் பின்புறம் அளக்கிறார். இரண்டின் வேறுபாடே குவிவு. டைராடின் இருமுனைகளிலும் மறைகள் எதிரெதிராக அமைந்திருத்தலின், தண்டைச் சுழற்றினால் அது நீளும் அல்லது குறுகும். ஒளிக்கருவியும் கணினித் திரையும் இவ்வளவை இன்று நொடியில் காட்டுகின்றன. ஆயினும் ஆடும் சக்கரத்தை அளந்து பெறும் எண்ணால் பயன் இல்லை.

இக்கலை லாரிக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் 1945 முதல் 1949 வரை செய்யப்பெற்ற எம்.ஜி. டி.சி. என்னும் இருவர் அமரும் ஸ்போர்ட்ஸ் காரைப் பழம்பொருள் விரும்புவோர் இன்றும் போற்றுகின்றனர். மெல்லிய கம்பிச் சக்கரம் உடைய அதற்கும், பாரலாரிக்கு உள்ளதுபோலவே, முன்புறம் ஒற்றை அச்சும் பட்டை வில்லுமே உள்ளன. திரும்பும் முளை சற்றே பின்சாய்ந்து நின்றால்தான் வளைவு கடந்ததும் சக்கரம் தானே நேர்நிலைக்கு மீளும். அச்சாய்வு பிழைபட்டால் வில்லுக்கும் அச்சுக்கும் இடையே மெல்லிய ஆப்பு வைத்துத் திருத்துவர். லாரிக்கும் அதே மருத்துவந்தான்.

மேஸ்திரி மறையை இறுக்கிக் கை துடைக்கிறார். ஓட்டுநர் சமவெளிச் சாலையில் சிறிது தூரம் ஓட்டிப் பார்த்துத் திரும்புகிறார்; முகம் தெளிந்திருக்கிறது.

“ஆயிரம் கிலோமீட்டர் ஓடியபின் டயரைத் தடவிப் பாருங்கள், தம்பி. குத்தினால் இங்கே வாருங்கள்” என்கிறார் முதியவர்.

அன்று மாலையே அந்த லாரி பாரம் ஏற்றிக்கொண்டு வடக்கே புறப்படுகிறது.