எழுதியவர்: பாரம்பரியம்

2003-ல் மதுரையில் பதிவான மாரியம்மன் பாட்டுக் கேசட் அது. எழுதி, மெட்டுக்கட்டி, பாடியவர் தாடிக்கொம்பைச் சேர்ந்த ஓர் அம்மா. கேசட் கம்பெனியிடம் 8,000 ரூபாயை மொத்தமாக வாங்கிக்கொண்டு ஒரு பக்க ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார். கேசட் போய் சி.டி. வந்தது, அதுவும் போனது. இருபது வருடம் கழித்துப் பேரன் போனில் அதே பாட்டைக் கேட்ட பிறகுதான் திண்டுக்கல்லில் வக்கீலான என்னிடம் வந்தார்.

"காசு கெடக்கட்டும் சார், பேரப் பாருங்க" என்று போனை நீட்டினார். பாடியவர் இடத்தில் அவர் பெயர். பாடலாசிரியர், இசை இரண்டுக்கும் 'பாரம்பரியம்' என்று போட்டிருந்தார்கள்.

பெயர் போனால் காசும் போகும். ஸ்பாட்டிஃபை போன்ற செயலிகள் பாட்டுக்கு இவ்வளவு என்று விலை வைப்பதில்லை. சந்தாவையும் விளம்பர வருமானத்தையும் ஒன்றாகச் சேர்த்து, ஓடிய அளவுக்கேற்பப் பிரிக்கின்றன. அதில் ஒலிப்பதிவின் பங்கு கம்பெனிக்கு. எழுதியவர், மெட்டமைத்தவர் பங்கு தனி. எழுதியவரே இல்லாத பாட்டு என்றால் அந்தப் பங்கை யாருக்கும் கொடுக்க வேண்டியதில்லை.

ஒலிப்பதிவு எங்களுடையது, அம்மன் பாட்டு ஊருக்கே பொது என்றது கம்பெனி. முதலாவது சரி. இரண்டாவதை அந்தப் பாட்டே உடைத்தது. ஒரு சரணத்தில் குடகனாறு அணை உடைந்த வெள்ளம் வருகிறது. அணை உடைந்தது 1977-ல். அதற்குப் பின் அதை எழுதியது இவர்தான் என்பதற்கு அவர் கைப்பட எழுதிய நோட்டும், கேசட்டுக்கு உறுமி வாசித்தவரின் பிரமாணப் பத்திரமும் இருந்தன.

ஒப்பந்தத்தில் காலமும் இல்லை, எல்லையும் இல்லை. கம்பெனி அதை எக்காலத்துக்கும் எந்த நாட்டுக்கும் என்று எடுத்துக்கொண்டது. பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு நேர்மாறாகச் சொல்கிறது: காலம் குறிக்காமல் எழுதிக்கொடுத்த உரிமை ஐந்து வருடம்தான், எல்லை குறிக்காவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். பாட்டின் சொல்லும் மெட்டும் 2008-லேயே அவரிடம் திரும்பிவிட்டன. 2012 திருத்தமோ, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலும் ராயல்டியில் சமபங்கு கேட்கும் உரிமை படைத்தவரை விட்டுப் போகாது என்கிறது. கிராமத்துக் கலைஞர்களுக்காக இதைவிட நல்ல வரிகளை நான் சட்டத்தில் படித்ததில்லை.

"இளையராஜாவே கோர்ட்டு கோர்ட்டா அலையிறாரு, நமக்கு நடக்குமா சார்?" என்றார். 62-ஆம் பிரிவு, வழக்குப் போடுபவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட இடம் தருகிறது. அவர் சென்னைக்குப் போக வேண்டியதில்லை. அவசர உத்தரவு கேட்காத வணிக வழக்கு முதலில் சமரசத்துக்குப் போக வேண்டும். அங்கேயே முடிந்தது. பெயரைத் திருத்தவும், கடைசி மூன்று வருட வருமானத்தில் பாதியைக் கொடுக்கவும், காலாண்டுக்கு ஒருமுறை கணக்கு அனுப்பவும் ஒத்துக்கொண்டார்கள். அதற்கு முந்தைய வருடங்கள் காலவரம்பில் போய்விட்டன. அதை அந்த அம்மாவுக்கு எடுத்துச் சொன்னதுதான் இந்த வழக்கில் எனக்குக் கஷ்டமான வேலை.

முதல் காலாண்டுக் கணக்கு வந்தது. அதில் மொத்தத் தொகை மட்டும் இருக்கிறது. எந்தச் செயலியில், எந்த நாட்டில், எத்தனை முறை ஓடியது என்ற விவரம் கேட்டு மறு கடிதம் அனுப்பியிருக்கிறேன்.