சேலம்: இருபது கல் இருக்கைகள்

சென்ற இதழில் பிளிமத் கடற்கரையில் நின்று, தங்கள் விருப்பப்படி கடவுளைக் கும்பிட இடம் தேடிக் கப்பலேறி வந்தவர்களைப் பற்றி எழுதியிருந்தேன். அவர்களுக்குப் பத்தாண்டு கழித்து, 1630இல், இன்னும் பெருங்கூட்டமாக வந்து மாசசூசெட்ஸ் வளைகுடாவில் குடியேறிய பியூரிட்டன்கள் என்ற கண்டிப்பான கிறிஸ்தவப் பிரிவினர், கிடைத்த இடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்தார்கள்? அதைப் பார்க்கச் சேலம் போக வேண்டும். பாஸ்டன் வடக்கு நிலையத்திலிருந்து ரயிலில் அரை மணி நேரம்தான்.

இறங்கி ஊருக்குள் நடந்தால் திரும்பிய பக்கமெல்லாம் சூனியக்காரி. கூம்புத் தொப்பியும் துடைப்பமுமாகக் கடைப் பலகைகளில், பனியன்களில், காவல்துறைச் சின்னத்தில்கூட. சூனியக்காரியை நாயகியாகக் கொண்ட தொலைக்காட்சித் தொடர் ஒன்றுக்காக 2005இல் வெண்கலச் சிலையும் வைத்திருக்கிறார்கள். அக்டோபர் மாதம் முழுக்கத் திருவிழா. எனக்கு இது மனதுக்கு ஒப்பவில்லை. 1692இல் சூனியக் குற்றம் சாட்டப்பட்டு இங்கே தூக்கில் தொங்கிய 19 பேரில் ஒருவர்கூடச் சூனியம் செய்தவர் இல்லை. அதைக் கடைசி மூச்சுவரை சொன்னதற்காகவே செத்தவர்கள் அவர்கள்.

அந்தச் சத்தத்தைத் தாண்டி சார்ட்டர் தெருக் கல்லறைத் தோட்டத்தை ஒட்டிய நினைவிடத்துக்கு வந்துவிட்டால் மனம் அடங்குகிறது. 1992இல் அமைத்தது. நுழைவாயிலில் கால் வைக்கும் கற்களில், குற்றம் சாட்டப்பட்டவர்கள் விசாரணையில் கதறிச் சொன்ன சொற்களைச் செதுக்கியிருக்கிறார்கள். வாக்கியம் முடிவதற்குள் மதில் குறுக்கே வந்துவிடுகிறது. மிச்சச் சொற்கள் அதனடியில் போய்விடுகின்றன. உள்ளே மதிலிலிருந்து நீட்டிக்கொண்டு 20 கருங்கல் இருக்கைகள். ஒவ்வொன்றிலும் பெயர், கொன்ற விதம், தேதி. முதலில் தூக்கிலிடப்பட்டவர் பிரிட்ஜெட் பிஷப், ஜூன் 10. ஒருவருக்கு மட்டும் கொன்ற விதம் வேறு. ஜைல்ஸ் கோரி, எண்பது வயதைத் தொட்ட விவசாயி. சூனிய வழக்குகளுக்கான நீதிமன்றத்தின் விசாரணைக்கு உட்பட மறுத்தார். படுக்கவைத்து, மேலே பலகை போட்டு, கல்மேல் கல்லாக ஏற்றினார்கள். செப்டம்பர் 19 அன்று உயிர் போயிற்று. மூன்றாம் நாள் அவருடைய மனைவி மார்த்தாவையும் தூக்கிலிட்டார்கள்.

மதிலுக்கு அந்தப் பக்கம், குற்றம் சாட்டப்பட்டவர்களைக் குறுக்கு விசாரணை செய்த நீதிபதி ஜான் ஹாதார்னின் கல்லறை பெயரோடு நிற்கிறது. செத்தவர்களுக்கு அப்படிக் கல்லறை கிடைக்கவில்லை.

பெண்பிள்ளைகள் சிலர் பேய் பிடித்ததுபோல் நெளிந்தார்கள், மூடநம்பிக்கை பிடித்த ஊர் பயந்துபோய்க் கொன்றுவிட்டது என்றுதான் பொதுவாகச் சொல்கிறார்கள். அது பாதிக்கதை. பயம் அந்தக் காலத்தில் எந்த ஊரில்தான் இல்லை? இங்கே அந்தப் பயத்துக்குச் சட்டமும் நீதிபதியும் தூக்குக்கயிறும் கிடைத்தன.

அந்தக் குடியேற்றத்தில் போதகர்கள் அரசுப் பதவியில் அமரவில்லை. ஆனால் 1631இலிருந்து பல காலம், திருச்சபையில் உறுப்பினரான ஆண்களுக்கு மட்டுமே வாக்கு. ஞாயிறு வழிபாட்டுக்கு எல்லாரும் வந்தாக வேண்டும். 1641இல் எழுதிய சட்டத்தில் மரண தண்டனைக் குற்றங்களை விவிலிய வசன எண்ணோடு பட்டியலிட்டார்கள். சூனியமும் அதில் உண்டு. சேலத்துப் போதகர் ரோஜர் வில்லியம்ஸ், மனசாட்சி விஷயத்தில் அரசுக்கு அதிகாரமில்லை என்று சொன்னார். 1635இல் நாடு கடத்தத் தீர்ப்பளித்தார்கள். குவேக்கர் என்ற வேறு கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த மேரி டயரை 1660இல் பாஸ்டனில் தூக்கிலிட்டார்கள். 1692 வானத்திலிருந்து விழுந்துவிடவில்லை.

சேலம் வரும் நம்மவர்கள் தயவுசெய்து டான்வர்ஸுக்கும் போங்கள். அன்றைய சேலம் கிராமம் அதுதான், தொடங்கியதே அங்கேதான். வீடுகளுக்குப் பின்னால் ஒரு குறுகலான வழியில் போனால், 1970இல் தோண்டியெடுத்த போதகர் வீட்டு அடித்தளம் கிடக்கிறது. பள்ளத்தில் நாலு பக்கமும் கற்சுவரின் மிச்சம், அவ்வளவுதான். சாமுவேல் பாரிஸ் குடியிருந்த வீடு. அவருடைய 9 வயது மகளுக்கும் 11 வயது உறவுப் பெண்ணுக்கும்தான் முதலில் வலிப்பு வந்தது. கிராமமோ ஏற்கெனவே இரண்டுபட்டுக் கிடந்தது. பாரிஸுக்குச் சம்பளப் பணம் திரட்ட மாட்டோம் என்று ஒரு கட்சி. அவரைத் தாங்கிப் பிடித்த பட்னம் குடும்பம் இன்னொரு கட்சி. முதலில் பிடித்தது மூன்று பெண்களை: பாரிஸ் வீட்டு அடிமை டிட்டுபா, பிச்சையெடுத்துத் திரிந்த சாரா குட், நோயாளியான சாரா ஆஸ்போர்ன். சாரா குட்டின் மகள் டோரத்திக்கு நாலைந்து வயதுதான் இருக்கும். அவளையும் விலங்கு பூட்டி மாதக்கணக்கில் சிறையில் வைத்தார்கள். மகளுக்கு அதன்பின் புத்தி தெளியவே இல்லை என்று தகப்பன் பிற்பாடு அரசுக்கு மனு எழுதியிருக்கிறார்.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ரெபெக்கா நர்ஸின் பண்ணை வீடு. எழுபத்தொரு வயதுப் பாட்டி. பக்தியில் ஊரே மதித்தவர். அண்டை அயலார் 39 பேர் துணிந்து அவருக்காகக் கையெழுத்திட்டார்கள். ஜூரிகள் குற்றவாளி இல்லை என்றுதான் முதலில் சொன்னார்கள். சிறுமிகள் கூச்சலிட்டார்கள், தலைமை நீதிபதி வில்லியம் ஸ்டோட்டன் மறுபடி யோசித்துப் பாருங்கள் என்று திருப்பி அனுப்பினார். ஜூரிகள் நர்ஸிடம் ஒரு கேள்வி கேட்டார்கள், பதில் வரவில்லை. அவருக்குக் காது மந்தம், கேள்வி விழவில்லை. அந்த மௌனத்தையே குற்றமாக எடுத்துக்கொண்டார்கள். திருச்சபையும் அவரை விலக்கி வைத்தது. ஜூலை 19 அன்று தூக்கு. பிள்ளைகள் இரவோடிரவாக உடலை எடுத்துவந்து இந்தப் பண்ணையில் புதைத்தார்கள் என்பது குடும்ப வழக்கு. அந்த மண்ணில் நின்றபோது எனக்குப் பேச்சு எழவில்லை.

அந்த நீதிமன்றத்தில் ஆவியும் சாட்சி. ஒருத்தியின் ஆவி வந்து என்னைக் கிள்ளியது என்று சிறுமி சொன்னால் போதும். அந்த நேரத்தில் அவள் வீட்டில் தூங்கியிருந்தாலும் விடமாட்டார்கள். ஆமாம், நான் சூனியக்காரிதான் என்று ஒப்புக்கொண்டு நாலு பேரைக் காட்டிக் கொடுத்தவர்கள் தப்பித்தார்கள். பொய் சொல்லிப் பாவம் சேர்க்க மாட்டேன் என்றவர்கள் தொங்கினார்கள். உண்மையான பக்தர்களைத் தேடிப்பிடித்துக் கொன்றது அந்தப் பக்தர்களின் ஆட்சி.

இந்தக் கொடுமைக்கும் நம் சென்னைக்கும் ஒரு தொடர்பு உண்டு. அப்போது சேலம் திருச்சபையின் மூத்த போதகர் ஜான் ஹிக்கின்சன். கணவன் கைவிட்டு, சித்தம் கலங்கித் தகப்பன் வீட்டோடு இருந்த அவருடைய மகள் ஆன் டோலிவரையும் ஜூனில் சூனியக்காரி என்று பிடித்துப் போனார்கள். மூத்த போதகரின் மகளுக்கே அந்தக் கதி. அந்தப் பெண்ணின் உடன்பிறந்தவர் நத்தானியேல் ஹிக்கின்சன், மதராஸின் முதல் மேயர். அதே 1692 அக்டோபரில் எலிஹு யேலுக்கு அடுத்துப் புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநரானவர். ஆன் உயிர் தப்பினார்.

அதே அக்டோபரில் மாசசூசெட்ஸ் ஆளுநர் வில்லியம் ஃபிப்ஸ் சேலத்து நீதிமன்றத்தைக் கலைத்தார். 1693 ஜனவரியில் வேறு நீதிமன்றம் உட்கார்ந்தது. ஸ்டோட்டனே தலைமை, அதே மக்கள், அதே நம்பிக்கை. மாறியது ஒன்றுதான்: ஆவிச் சாட்சி செல்லாது. பெரும்பாலோர் விடுதலையானார்கள். தண்டிக்கப்பட்ட மூவரையும் ஃபிப்ஸ் தூக்கிலிருந்து காப்பாற்றினார். நீதிபதி சாமுவேல் சீவால் 1697இல் பாஸ்டன் ஆலயத்தில் சபையார் முன் எழுந்து நின்று, பழியை ஏற்று மன்னிப்புக் கேட்டார். ஸ்டோட்டன் கேட்கவே இல்லை.

ஃபிப்ஸ் காப்பாற்றிய அந்த மூவரில் ஒருத்தி, ஆண்டோவரைச் சேர்ந்த எலிசபெத் ஜான்சன் என்ற இளம்பெண். 1711இல் பலருடைய பழியைச் சட்டப்படி துடைத்தபோது அவள் பெயர் விட்டுப்போயிற்று. பிறகு வந்த சட்டங்களிலும் விட்டுப்போயிற்று. வடக்கு ஆண்டோவர் நடுநிலைப் பள்ளி மாணவர்கள் தங்கள் ஆசிரியையோடு சேர்ந்து சட்டமன்றத்துக்கு எழுதி, விடாமல் போராடினார்கள். 2022 ஜூலையில் மாசசூசெட்ஸ் அரசு அவள் மீதிருந்த குற்றத்தை நீக்கியது. தண்டனை விதித்து அப்போது 329 ஆண்டுகள் ஆகியிருந்தன.