கரும்புக்குள் ஒரு கணக்கு

திங்கள், கச்சிராயபாளையம்

கள்ளக்குறிச்சி-2 கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குப் போகும் சாலை முழுக்கக் கரும்பு டிராக்டர்கள். கட்டிங் ஆர்டர் (வெட்டு உத்தரவு) எப்போது வரும், ரெக்கவரி (கரும்பில் கிடைக்கும் சர்க்கரை விகிதம்) எவ்வளவு நிற்கும் என்பதுதான் டீக்கடைப் பேச்சு. என் மேசையில் இருப்பதும் அதே சர்க்கரைதான். தென்னாப்பிரிக்காவின் யோஹான் ரோவரும் ஃபிரெடரிக் போத்தாவும் 2001-இல் வெளியிட்ட கணித மாதிரி அது. கரும்புத் தண்டின் செல் சுக்ரோஸை, அதாவது சர்க்கரையை, ஒரு பக்கம் உண்டாக்க, மறுபக்கம் உடைத்துக்கொண்டே இருக்கிறது. இந்த வீண் சுழற்சியை 11 வினைகளில் கணக்கிட்டிருக்கிறார்கள்.

செவ்வாய்

முன்பெல்லாம் இப்படி ஒரு மாதிரியைக் கட்டுரையில் பார்த்தால், சமன்பாடுகளைத் திரும்பத் தட்டச்சு செய்துதான் ஓட்ட வேண்டும். ஒரு கழித்தல் குறி விடுபட்டால் விடையே மாறிவிடும். ஆளுக்கொரு மென்பொருள் வேறு. இதற்குப் பொது எழுத்துமுறை ஒன்று வேண்டும் என்று 2000-இல் கால்டெக்கில் ஹிரோவாகி கிடானோவின் திட்டத்தில் மைக்கேல் ஹக்கா, ஆண்ட்ரூ ஃபின்னி, ஹெர்பர்ட் சாரோ முதலியோர் எஸ்பிஎம்எல்லை வடிவமைத்தார்கள். ஆக்லாந்தில் பிறந்த செல்எம்எல் சமன்பாடுகளையே நேராக எழுதச் சொல்லும். எஸ்பிஎம்எல்லில் வினையை எழுதினால் போதும். சமன்பாட்டை மென்பொருள் கட்டிக்கொள்ளும்.

புதன்

இன்று கரும்பு மாதிரியின் எஸ்பிஎம்எல் கோப்பை வரிவரியாகப் படித்தேன். செல்லின் திரவப் பகுதியான சைட்டோசாலில் உள்ள சுக்ரோஸ் ஒரு பதிவு, செல்லுக்குள் இருக்கும் பையான வாக்குவோலில் உள்ளது இன்னொரு பதிவு. மூலக்கூறு ஒன்றே, இடம்தான் வேறு. சைட்டோசாலில் இருப்பதை இன்வர்டேஸ் நொதி உடைக்கும். வாக்குவோலுக்குள் போய்ச் சேர்ந்தது, இந்த மாதிரியின்படி, சேமிப்பு. எனவே இடத்தைச் சொல்லாமல் பொருளைச் சொல்ல இம்மொழி விடுவதில்லை.

வேகத்திலும் அதே கண்டிப்பு. சொம்பு நீரை அண்டாவில் ஊற்றினால் சொம்பு காலியாகும், அண்டாவில் மட்டம் லேசாகத்தான் ஏறும். ஆனால் இடம் மாறிய நீர் ஒரே அளவுதான். அதனால் எஸ்பிஎம்எல் வினைவேகத்தைச் செறிவு மாற்றமாக அல்ல, நேரத்துக்கு இவ்வளவு பொருள் என்றே எடுத்துக்கொள்கிறது.

வியாழன்

கோப்பில் சுக்ரோஸுக்கு ஒருவர் 'சுக்' என்று பெயரிடுவார், இன்னொருவர் 'எஸ்' என்பார். எது எந்த மூலக்கூறு என்பதைப் பொதுத் தரவுத்தளத்தின் அடையாள எண்ணோடு குறிக்கும் மிரியம் விதிமுறை 2005-இல் வந்தது. இத்தகைய மாதிரிகளைச் சேர்த்துவைக்கும் பயோமாடல்ஸ் களஞ்சியம் தொடங்கியதும் அதே ஆண்டு. இந்தக் கரும்பு மாதிரி அங்கே 23-ஆம் எண். சைட்டோசாலின் இன்வர்டேஸைக் குறைத்தால், அல்லது வாக்குவோலுக்குச் சுக்ரோஸைக் கடத்தும் புரதத்தைக் கூட்டினால் சேமிப்பு உயரும் என்பது அதன் கணிப்பு. சரிதானா என்று எவரும் இறக்கி, எண்ணை மாற்றி ஓட்டிப் பார்க்கலாம்.

வெள்ளி

கோயம்புத்தூரில் 1912 முதல் கரும்பு இனப்பெருக்க ஆராய்ச்சி நடக்கிறது. தமிழக வயல்களில் பரவலாக நிற்கும் கோ 86032 அங்கே பிறந்ததுதான். நம் ரகங்களின் நொதிகளை அளக்கும் ஆய்வாளர்களுக்கு என் வேண்டுகோள் இது: அளவுகளைக் கட்டுரையின் அட்டவணையோடு நிறுத்திவிடாதீர்கள். இடம், அலகு, அடையாளம் மூன்றையும் குறித்து, ஓடக்கூடிய கோப்பாகவும் வெளியிடுங்கள். அடுத்தவர் சோதிக்க முடிந்தால்தான் அது அறிவியல்.